விழுந்துபோன இகரம்

காலையில் செய்தித்தாள், இரவில் புத்தகம், விடுமுறை நாட்களில் வீட்டுக் கணிப்பொறி. என் பொழுது வெளிப்பார்வைக்கு இப்படி மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. நண்பர்களும் மூன்றையும் தனித்தனியாகவே மதிப்பிடுகிறார்கள். முதலாவது எல்லோருக்கும் உள்ள வியாதி. இரண்டாவது எங்களைப் போன்றவர்களின் தொழில். மூன்றாவது ஒரு வங்கிக் குமாஸ்தாவின் பொழுதுபோக்கு, அந்தக் காலத்தில் சிலர் வீட்டில் ரேடியோவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்ததைப்போல. நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு மொழியில் நாளைக்கு எது படிக்கக் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிற அரசியலில் ஒரு பெரும் பங்கு இன்று அந்தப் பெட்டிக்குள்தான் நடக்கிறது. அதில் எழுத்தாளனுக்குக் குரல் இல்லை. குரல் இல்லாதது பற்றிய பிரக்ஞையும் அவனுக்கு இல்லை.

மொழியின் அரசியல் நமக்குப் புதிதல்ல. 1965ஐப் பற்றி அன்று பிறக்காதவர்களும் அபிப்பிராயம் வைத்திருக்கிறார்கள். எழுத்தின் அரசியலும் புதிதல்ல. பெரியார் 1935ல் தம் பத்திரிகையில் கையாளத் தொடங்கிய சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை 1978ல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. ணா, றா, னா. ணை, லை, ளை, னை. பிறகு ண, ற, ன மூன்றின் ஒகர ஓகார வடிவங்கள் என்று 13 எழுத்துகள் உருமாறின. அதை ஆதரித்தவர்களும் உண்டு, முகம் சுளித்தவர்களும் உண்டு. எந்தக் கட்சியில் இருந்தாலும், நடந்தது என்ன என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அச்சகத்தில் பழைய டைப் இருந்தவரை பழைய ‘லை’யின் துதிக்கை சில பத்திரிகைகளில் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருந்தது. பிடிக்காதவன் தன் பேனாவால் தான் விரும்பியபடி எழுதிக்கொண்டு போகலாம். யாரும் அவன் கையைப் பிடிக்கப்போவதில்லை.

1991ல் வெளிவந்த யூனிகோட் அட்டவணையின் முதல் பதிப்பைப் பற்றி அப்படிப்பட்ட சர்ச்சை எதுவும் நம் வட்டத்தில் எழவில்லை. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் கொடுக்கும் ஏற்பாடு அது. இந்திய மொழிகளுக்கு, 1988ல் இந்தியாவில் வகுக்கப்பட்டிருந்த இஸ்கி என்ற தரத்தை அடியொற்றி இடம் ஒதுக்கினார்கள். எல்லா இந்திய லிபிகளும் ஒரே வரிசையில் நின்றால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது சுலபம் என்பது இஸ்கியின் பின்னிருந்த எண்ணம். எண்ணத்தில் குற்றமில்லை. ஆனால் தமிழுக்கு ஒதுக்கிய அட்டவணையைப் பார்த்தால் க-வுக்கும் ங-வுக்கும் இடையே மூன்று நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். நாகரி வரிசையில் அங்கே மூன்று எழுத்துகள் உண்டு, தமிழில் இல்லை. ட-வுக்கும் ண-வுக்கும் நடுவில் மூன்று. த-வுக்கும் ந-வுக்கும் நடுவில் மூன்று. ன நம் அரிச்சுவடியில் கடைசி எழுத்து. அட்டவணையில் அது ந-வை அடுத்து உட்கார்ந்திருக்கிறது. வராத விருந்தாளிகளுக்கு இலை போட்டுவிட்டு, வந்தவனை இடம் மாற்றி உட்கார வைத்த பந்தி இது. 1965ல் தெருவுக்கு வந்த ஒரு சமூகம் இதைக் கண்டுகொள்ளவேயில்லை. போஸ்டரில் ஒட்ட முடியாத விஷயம்.

மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது என்பது தொல்காப்பியத்திலிருந்து நாம் படித்துவருகிற பாடம். இந்த அட்டவணையில் ‘க’வே மூலப்பொருள், அதன்மேல் புள்ளி வைத்தால்தான் ‘க்’. ‘தமிழ்’ என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து, யந்திரத்துக்கு ஐந்து எண்கள். இதைச் சதி என்று சொல்ல நான் தயாரில்லை. எல்லா உயிர்மெய்க்கும் தனித்தனி இடம் கேட்டு வாதாடியவர்கள் உண்டு. 2010ல் தமிழக அரசு யூனிகோடையும், அதோடு அவர்கள் வகுத்த டேஸ்16 என்ற முறையையும் தரங்களாக ஏற்றது. ஆனால் அதற்குள் உலகம் யூனிகோடில் குடியேறிவிட்டது. இன்று நான் தட்டுவதை இன்னொரு நாட்டில் ஒருவர் எந்தத் தனி ஏற்பாடும் இல்லாமல் படிக்க முடிகிறது என்றால் அது அந்தக் கோணலான அட்டவணையின் உபயம். கோணல் வீடாக இருந்தாலும் எல்லோருக்கும் வழி தெரிந்த வீடு.

அதற்கு முந்திய காலத்தில்தான் உண்மையான சேதம் நடந்திருக்கிறது. தொண்ணூறுகளில் கணிப்பொறி வாங்கிய தமிழர்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் எழுதினார்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பதித்துவைத்த வேஷம் அது. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று எழுதிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத யந்திரத்தில் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் தெரியும். அங்கே தமிழ் என்று ஒன்று இருக்கவேயில்லை. பார்க்கிற கண்ணுக்கு மட்டும் அது தமிழாக இருந்தது. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்து உருவாக்கிய டிஸ்கி ஒரு பக்கம். 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் வழியாக வந்த டாம், டாப் இன்னொரு பக்கம். அச்சகங்களும் பத்திரிகைகளும் வைத்திருந்த சொந்தக் குறியீடுகள் வேறு. ஒரே மொழிக்குள் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கமுடியாத பல தீவுகள்.

சென்ற வருஷம் என்னிடம் ஒரு தகரப்பெட்டி வந்தது. காலமாகிவிட்ட ஒரு கவிஞருடையது. தம் பெயர் வெளிவருவதில் அவருக்கு இருந்த கூச்சத்தை மதித்து இங்கே சொல்லவில்லை. இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களில் சிலருக்குப் புரியும். அவர் மகன், “அப்பா கடைசிக் காலத்தில் எழுதியதெல்லாம் இதில்தான் இருக்கிறது சார், எங்களால் திறக்க முடியவில்லை” என்று கொடுத்துவிட்டுப் போனார். பதினான்கு பிளாப்பி வட்டுகள். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் வீட்டில் தாமே தட்டிச் சேர்த்தவை. வட்டுப் படிப்பான் ஒன்றைத் தேடி வாங்கவே இரண்டு மாதம் ஆயிற்று. திறந்தபோது குறியீடு டிஸ்கி என்று தெரிந்தது. மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இவை நடுவில் எப்போதோ வேறொரு மென்பொருள் வழியாகப் போய்வந்திருக்கின்றன. ‘இ’ என்ற எழுத்து நின்ற 173ஆவது இடம் மேற்கத்திய அட்டவணையில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் கோட்டுக்கு உரியது. அந்த மென்பொருள் அதை வேண்டாத கோடு என்று துடைத்துவிட்டிருக்கிறது. கவிதைகள் முழுவதிலும் ஒரு இகரம்கூட இல்லை. ‘இல்லை’ என்று அவர் எழுதிய இடமெல்லாம் ‘ல்லை’. இரவு, ‘ரவு’. இலை, ‘லை’.

இவற்றைச் சரிசெய்ய எனக்கு உதவியது எந்தப் புது மென்பொருளும் அல்ல, நன்னூல். மெய் மொழிக்கு முதலில் வராது. ட, ர, ல, ற, ன முதலியனவும் வாரா. அப்படித் தொடங்குகிற சொற்களுக்கெல்லாம் முன்னால் ஒரு இகரத்தைப் போடும்படி ஒரு சிறு நிரல் எழுதினேன். பெரும்பாலும் பலித்தது. ஆனால் அவர் ‘ரயில்’ என்று எழுதியதையெல்லாம் அது ‘இரயில்’ ஆக்கிவிட்டது. தனித்தமிழ்க்காரர்களோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கு நின்றவர் அவர்! அவற்றைக் கையால் திருத்தினேன்.

திருத்த முடியாமல் நின்றது ஒரு இடம். மரணச் செய்தி வந்த அன்று பதில் கடிதம் எழுதுவது பற்றிய சின்னக் கவிதை. அதில் ‘மை உலர்வதற்குள்’ என்று வருகிறது. மை தானா? ‘இமை’யாக இருந்து இகரம் விழுந்துபோயிருந்தாலும் கோப்பில் ‘மை’ என்றுதானே நிற்கும்? மை என்றால் அது காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற கவிதை. துக்கத்தை அது வாசகனிடம் விட்டுவிடுகிறது. இமை என்றால் அழுதுவிட்ட கவிதை. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் ஒரு கவிஞனின் முழு வாழ்க்கைப் பார்வையின் தூரம். அவர் மனசை நான் அறிந்தவரை ‘மை’ என்றே சொல்வேன். ஆனால் கடைசிக் காலத்தில் அவர் மாறியிருந்தால்? எனக்குப் பிடித்த கவிஞரை எனக்குப் பிடித்தபடியே பாதுகாத்து வைக்க எனக்கு என்ன உரிமை?

உ.வே.சாமிநாதையருக்கு இதைவிடக் கடினமான ஏடுகள் வந்திருக்கின்றன. ஏட்டில் புள்ளி கிடையாது. குற்றெழுத்தா நெட்டெழுத்தா என்று எகர ஒகரங்களில் தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் அவருக்கு யாப்பு துணை நின்றது. சீரும் தளையும் எதுகையும் ‘இந்தப் பாடம் பொருந்தாது’ என்று சொல்லிக்கொடுத்தன. புதுக்கவிதைக்கு அந்தத் துணை இல்லை. யாப்பைக் கைவிட்டபோது ஓசையை மட்டும் நாம் விடவில்லை. பிரதியைச் சரிபார்க்கும் ஒரு கருவியையும் விட்டுவிட்டோம். சொல்லுக்குச் சொல் எடை போட்டு எழுதியதாக நாம் பெருமைப்படுகிற கவிதையில்தான் ஒரு எழுத்து விழுந்தால் மீட்க வழியில்லை. யாப்புக்குத் திரும்ப வேண்டும் என்பதல்ல என் வாதம். அதை விட்டவர்களுக்குப் பிரதியைப் பற்றிய கவலை இரண்டு மடங்கு இருந்திருக்க வேண்டும் என்பதுதான்.

இங்கே என் உத்தியோகத்தைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. வங்கிகளுக்கு யந்திரம் வந்த காலம் எனக்கு முந்தியது. ஓய்வுபெற்றுப் போன சகாக்கள் சொல்லிக் கேட்டது. 1983 செப்டம்பரில் ஊழியர் சங்கங்கள் இந்திய வங்கிகள் சங்கத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. எந்த வகை யந்திரம், எந்த அளவுக்கு, இயக்குகிறவனுக்கு என்ன படி என்று பேரம் நடந்தது. அவர்களை முன்னேற்றத்தின் விரோதிகள் என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு அவர்கள்மேல் மரியாதைதான் உண்டு. ஒரு யந்திரம் வீட்டுக்குள் வருமுன் அதன் நிபந்தனைகளைக் கேட்டவர்கள் அவர்கள். பிறகு லெட்ஜரிலிருந்து கணக்குகள் யந்திரத்துக்கு மாறியபோதும் பழைய பாக்கிக்கும் புதிய பாக்கிக்கும் டேலி பார்க்காமல் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு பைசா இடித்தால் இரவு முழுக்கத் தேடினார்கள். இலக்கியம் யந்திரத்துக்கு மாறியபோது எழுத்தாளர்கள் நிபந்தனையும் கேட்கவில்லை, டேலியும் பார்க்கவில்லை.

“இதெல்லாம் டெக்னிகல் சமாச்சாரம், நமக்கெதற்கு?” என்று கேட்கிற நண்பர்களுக்கு ஒன்று சொல்லலாம். சி.சு. செல்லப்பா 1959ல் ‘எழுத்து’ தொடங்கியபோது காகிதமும் அச்சுக்கூலியும் பிழைதிருத்தமும் அவருக்கு டெக்னிகல் சமாச்சாரமாக இருக்கவில்லை. புத்தகங்களைச் சுமந்துகொண்டு போய் விற்றவர் அவர். சிறுபத்திரிகை என்பதே சாதனங்களைப் பெரிய ஸ்தாபனங்களிடம் விட்டுவைக்காமல் தன் கையில் எடுத்துக்கொண்டதால் பிறந்தது. அன்றைய இதழ்கள் பழுத்து, ஓரம் நொறுங்கி, இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. இருபத்தைந்து வருஷம்கூட ஆகாத வட்டுகள் மூடிவிட்டன.

எல்லாவற்றையும் காப்பாற்றியாக வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. வேண்டாம் என்றுதான் ஒரு விமர்சகனாக நான் சொல்வேன். எழுதப்பட்டதில் பெரும்பகுதி மறக்கப்பட வேண்டியதே. எதை மறப்பது என்று சொல்வது விமர்சனத்தின் பாதி வேலை. ஆனால் மறப்பதற்கு முன் படித்திருக்க வேண்டும். யாழ்ப்பாண நூலகத்தை 1981ல் எரித்தவர்கள் சுமார் 97,000 நூல்களில் எதையும் படித்துத் தேர்ந்தெடுத்து எரிக்கவில்லை. அந்த வன்முறைக்கு முகம் இருந்தது. அதை எதிர்க்க முடிந்தது, நினைவில் வைத்திருக்க முடிந்தது. 2005ல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை ஒவ்வொன்றாக மின்வடிவில் சேர்த்துவருவதில் அந்த நினைவு வேலை செய்வதாகவே எனக்குத் தோன்றுகிறது. 173ஆவது இடத்தைத் துடைத்த மென்பொருளுக்கு முகம் இல்லை. அது யாரையும் வெறுக்கவில்லை. அதனாலேயே அதை யாரும் எதிர்க்கவும் இல்லை.

டேலி பார்த்தவர்களே இல்லை என்று சொன்னால் அநியாயம். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரமும் பல நாட்டு நண்பர்களும் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டினார்கள், வேறொருவர் பிழை பார்த்தார். குறியீடு மாறியபோது பழைய கோப்புகளையும் யூனிகோடுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆனால் அங்கே சேர்ந்தவற்றில் மிகுதியும் பழைய இலக்கியமும் உரிமைச் சிக்கல் இல்லாத நூல்களும்தான். முந்நூறு பிரதி அடித்த நம் பத்திரிகைகளின் பிற்காலக் கோப்புகளை நம்மைத் தவிர வேறு யாரும் தேடப்போவதில்லை.

கவிதைகளைச் சிறு தொகுப்பாக அச்சிட ஏற்பாடு நடக்கிறது. அந்த வரியில் ‘மை’ என்று வைத்து, அடியில் ‘இமை’யைப் பாடபேதமாகக் கொடுக்கப்போகிறேன். நவீன கவிதைக்குப் பாடபேதமா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அதற்குள் இன்னொரு வேலை இருக்கிறது. பதினான்கில் மூன்று வட்டுகள் இன்னும் திறக்கவில்லை. அவர் அந்த வருஷங்களில் யாருக்காவது கவிதையைக் கடிதத்தில் எழுதி அனுப்பியிருந்தால், பேனாவால் எழுதிய அந்தக் காகிதத்தைத் தேடிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.