பகட்டு, பம்மாத்து, பைங்கிளி

கல்லாறு என்ற பெயரில் மிகை எதுவும் இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சுமார் 45 கி.மீ. போனால் ஓர் ஆறு வருகிறது. ஆறு நிறையக் கல். (தமிழர்கள் பலருக்குக் கல்லாறு என்றால் மேட்டுப்பாளையத்தை அடுத்த ரயில் நிலையமும் பழப்பண்ணையும்தான் நினைவுக்கு வரும். இது வேறு.) வெள்ளம் காலகாலமாக உருட்டி உருட்டி வழவழப்பாக்கிய பாறைகள், அவற்றுக்கிடையே ஜில்லென்று தண்ணீர், இரு கரையிலும் காடு. பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகள் இதைத் தாண்டித்தான் தொடங்குகின்றன. அதனால் மலையேறுகிறவர்கள் இங்கே வண்டியை நிறுத்திக் கால் நனைக்கிறார்கள். தெம்பு உள்ளவர்கள் காட்டுக்குள் நடந்து மீன்முட்டி அருவி வரை போய்வருகிறார்கள்.

ஆனால் சுற்றுலா என்று வந்துவிட்டால் வெறும் ஆறு யாருக்கும் போதுவதில்லை. ஊட்டி, கொடைக்கானல், மூணாறு என்று எந்த மலைக்குப் போனாலும் அந்தக் காட்சி தப்பாது: சிமெண்டில் வார்த்து, பட்டையும் கணுவும் கீறி, வெட்டுவாயில் வளையம்கூட வரைந்து, பழுப்பு வண்ணம் பூசிய 'மரக்கட்டை' பெஞ்சு. பக்கத்தில் வாயைப் பிளந்து குப்பை கேட்கும் பென்குவின். பென்குவினுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் என்ன உறவு என்பது இருக்கட்டும். நிஜ மரங்கள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் சிமெண்ட் மரம் எதற்கு?

இந்த வகைச் சரக்குக்கு ஜெர்மானியர்கள் வைத்த பெயர் 'கிட்ஷ்'. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மியூனிக் நகர ஓவியச் சந்தையில் புழங்கத் தொடங்கிய சொல். சட்டென்று விலைபோகும் மலிவான படங்களுக்கு அந்தப் பெயர். அதன் வேர் எது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை. சரக்கை மலிவாகத் தள்ளிவிடுவதைக் குறிக்கும் வினைச்சொல்லோடு அதற்கு உறவு உண்டு என்பது ஒரு கட்சி. அது சரியென்றால், அந்தச் சொல் சுட்டுவது விற்பவரின் வேலையை.

நம் சொற்கள் பெரும்பாலும் வாங்குபவரின் மேல் பாய்கின்றன. பளபளா சட்டை போட்டவனைப் 'பட்டிக்காட்டான்' என்பார்கள். படம் மட்டம் என்றால் 'தரை டிக்கெட் ரசனை'. மலையாளத்திலும் மட்டமான எதுவும் 'தற'தான். மஞ்சளும் சிவப்புமாக ராமராஜன் போட்ட சட்டைகளைக் கேலி செய்தவர்கள், அவர் படத்துக்கு வரிசையில் நின்றவர்களையும் சேர்த்தே கேலி செய்தார்கள். 'ஜிகினா', 'பகட்டு', 'மினுக்கு' போன்றவை பரவாயில்லை; பொருளோடு நின்றுவிடுகின்றன. ஏமாற்றைச் சுட்ட நம்மிடம் இருக்கும் நல்ல சொல் 'பம்மாத்து'. ரசனை விவகாரத்தில் மட்டும் அதை யாரும் எடுப்பதில்லை.

மலையாளத்தின் 'பைங்கிளி'க்கு நேர்ந்த கதி இன்னும் விசித்திரம். எழுத்தச்சன் ராமாயணத்தைக் கிளியின் வாயிலாகப் பாடவைத்தார். கிளிப்பாட்டு என்றால் பக்திக்குரிய வடிவம். 1955ல் முட்டத்து வர்க்கியின் 'பாடாத்த பைங்கிளி' நாவல் வந்தது. 1957ல் படமாகவும் வெளியானது. அதற்குப் பிறகு, கண்ணீரும் காதலுமாக வாரப் பத்திரிகைகளில் லட்சக்கணக்கானோர் படித்த தொடர்கதைகளுக்கெல்லாம் விமர்சகர்கள் சூட்டிய பெயர் பைங்கிளி. அவற்றில் பல மோசமான எழுத்து என்பதில் தகராறு இல்லை. ஆனாலும், புத்தகமே தொடாத எத்தனையோ வீடுகளுக்குள் வாசிப்பு நுழைந்தது இந்தக் கிளியின் சிறகில்தான்.

கல்லாற்றுத் தண்ணீர் கீழே இறங்கி வாமனபுரம் ஆறாகிறது. வாமனபுரத்தைத் தாண்டி எம்.சி. ரோட்டில் வடக்கே போனால் கிளிமானூர். 1848ல் ரவிவர்மா பிறந்த அரண்மனை அங்கே இருக்கிறது. 1894ல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம் லட்சுமியையும் சரஸ்வதியையும் கல்லச்சில் வண்ண வண்ணமாக அச்சடித்துத் தள்ளியது. இயந்திரமும் ஜெர்மனியிலிருந்து, அச்சு நிபுணர்களும் அங்கிருந்தே. பிற்பாடு அச்சகத்தை வாங்கியவரும் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர்தான். கலை விமர்சகர் ஆனந்த குமாரசுவாமிக்கு ரவிவர்மாவின் தெய்வங்கள் நாடக மேடைப் பாத்திரங்களாகத் தெரிந்தன. அமெரிக்க விமர்சகர் கிளெமெண்ட் கிரீன்பெர்க் 1939ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் வண்ண அச்சுப் படங்களையும் மலிவுக் கதைகளையும் ஒரே மூச்சில் கிட்ஷ் பட்டியலில் சேர்த்தார்.

இருவரும் பார்க்கத் தவறிய சுவர் ஒன்று உண்டு. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கோயில் கதவு திறந்தது 1936 நவம்பர் 12ஆம் தேதி வெளியான பிரகடனத்தால். அச்சகம் தொடங்கி 42 ஆண்டுகளுக்குப் பிறகு. அதுவரை சன்னதியை எட்டிப் பார்க்கவும் வழியில்லாதவர் சில காசு கொடுத்து லட்சுமியை வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டி, தானே பூப்போட முடிந்தது. அந்தப் படத்தில் மலிவுதான் முக்கியம். ரோஸ் நிறம் கொஞ்சம் தூக்கல் என்பது அரண்மனையில் உட்கார்ந்து சொல்ல வேண்டிய குறை.

பம்மாத்துக்கு உதாரணம் வேண்டுமானால் திருவனந்தபுரம் கடற்கரைக்கே திரும்பலாம். சங்குமுகத்தில் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1992ல் முடித்த 'சாகரகன்யக' 87 அடி நீளத்தில் படுத்திருக்கிறாள். அவளும் கான்கிரீட்தான். கான்கிரீட் என்பதை மறைக்கவில்லை, அவ்வளவே. 2020ல் அவள் அருகே விமானப்படையின் பழைய ஹெலிகாப்டர் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சிற்பி கொதித்தார். எந்தத் தரை டிக்கெட்காரரும் அங்கே ஹெலிகாப்டர் கேட்டதாகத் தகவல் இல்லை.

கல்லாற்றுக் காட்டின் காணிக்காரர் குடியிருப்பில் வாழ்ந்து மூலிகை மருத்துவத்துக்காக 2018ல் பத்மஸ்ரீ பெற்றவர் லட்சுமிக்குட்டி அம்மா. விருதுச் செய்தியோடு அவருடைய ஓலைக் குடிசையின் படமும் நாடெங்கும் வந்தது. ஓலை அங்கே தேவைக்கு வேய்ந்தது. மலை விடுதிகளில் கான்கிரீட் கூரைமேல் ஓலை பரப்பி, உள்ளே ஏ.சி. பொருத்தி, 'பழங்குடிக் குடில்' என்று வாடகைக்கு விடுகிறார்கள். வாங்குபவர் பட்டணத்துக்காரர், படித்தவர். அவரை யாரும் பட்டிக்காட்டான் என்பதில்லை.

கல்லாறு கீழே போகப் போகக் கல் குறைந்து மணலாகிறது. கட்டுமானத்துக்காக வாமனபுரம் ஆற்றில் மணல் அள்ளி அள்ளிப் படுகை பள்ளமாகிவிட்டது. ஆற்று மணலைக் காப்பாற்றக் கேரளம் 2001ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. மணல் சிமெண்டோடு சேர்ந்து வீடாகிறது, பாலமாகிறது, பழுப்பு பூசிய மரக்கட்டை பெஞ்சும் ஆகிறது. மேற்கு மலையின் மழையில் அந்தப் பழுப்பு அதிக நாள் நிற்பதில்லை. உரிந்த இடத்தில் மணல் தெரிகிறது.