டாப்பு மாற்றும் கொட்டகை

ஒரகடம் கூட்டுச்சாலையில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கபெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்கின்றன. சுற்றுவட்டாரத்தில் ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு ஆலைகள். ரோபோ வெல்டிங் அடிக்கும் இந்த ஊரில், சாலையைவிட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு தகரக் கொட்டகைக்கு நாம் போனபோது, டிங்கர் மேஸ்திரி பழைய பிக்கப் ஒன்றின் மேலே ஏறி உட்கார்ந்திருந்தார். துருப்பிடித்த டாப்பை, அதாவது கேபினின் மேற்கூரையை, மாற்ற வேண்டும்.

வண்டி ஸ்டாண்டர்டு 20. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு அட்லஸ் வழி வந்த ஒரு டன் வண்டி. இதைச் செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலை வண்டலூர் பக்கம்தான் இருந்தது. 1980களின் இறுதியில் உற்பத்தி நின்றது. ஆகவே புது டாப்பு கிடைக்காது. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடிப் பிடித்தாலும் அதற்கும் இதே வயது, இதே துரு.

வெளியிலிருந்து பார்த்தால் பெயின்ட் நாலு இடத்தில் கொப்புளித்திருந்தது, அவ்வளவுதான். மேஸ்திரி ஸ்க்ரூடிரைவர் நுனியை ஒரு கொப்புளத்தில் வைத்தார். சத்தமே இல்லாமல் உள்ளே இறங்கியது.

“மேல இருந்து வந்த துரு இல்ல சார். ஓரத்து வடிகால்ல சீலன்ட் வெடிச்சு, ரெண்டு தகரத்துக்கும் நடுவுல தண்ணி நின்னிருக்கு. உள்ளேருந்து தின்னுட்டு வந்திருக்கு.”

உடனே வெட்டிவிடவில்லை. கேபினுக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஆங்கிள் இரும்பு வைத்து டாக் வெல்டு அடிக்கவே அரை நாள் போனது. தூண்களை இழுத்துப் பிடித்திருப்பது டாப்புதான். அதை எடுத்ததும் தூண் கொஞ்சம் விலகினாலும் கதவு சாத்தாது, முன்கண்ணாடி உட்காராது. அதன்பிறகே ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாக டிரில் போட்டு எடுத்தார்கள்.

புது டாப்பைக் கையாலேயே செய்ய 20 கேஜ் தகரம். முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் வளைய வேண்டும் என்பதால் வெறுமனே மடித்தால் ஆகாது. மணல் மூட்டைமேல் போட்டு மரச்சுத்தியால் தட்டத் தட்ட, நடுவில் தகரம் மெலிந்து குழிந்தது. மேஸ்திரி அட்டையில் வெட்டிய அச்சை வைத்துப் பார்ப்பார், மறுபடி தட்டுவார். பேச்சே கிடையாது.

வெல்டிங்கில் இந்த மூலையில் ஒரு அங்குலம், எதிர் மூலையில் ஒரு அங்குலம். “ஒரே இழுப்பா இழுத்தா அப்பளம் மாதிரி நெளிஞ்சிடும்” என்றபடி நிறுத்தினார். உதவிக்கு நின்ற பையன் ஈரத்துணியை அழுத்தினான். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

இவ்வளவு உழைத்தும் இந்த வண்டிக்குப் பழம்பெரும் வாகனப் பதிவு கிடைக்காது. ஐம்பது வயது கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அது சொந்த உபயோக வண்டிகளுக்குத்தான். பாடியின் மூல வடிவமும் மாறக் கூடாது. காலமெல்லாம் மூட்டை சுமந்த வண்டியை அந்த விதி வெளியே நிறுத்தியது நமக்கு நியாயமாகப் படவில்லை.

அடுத்த முறை போனபோது சீலன்ட் காய்ந்திருந்தது. பையன் டார்ச்சுடன் கேபினுக்குள் உட்கார, மேலே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஐந்தாவது வாளியில் குரல் வந்தது: “அண்ணே, இடது மூலை.” ஒரே ஒரு சொட்டு. அந்த ஒரு சாண் நீளத்துச் சீலன்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசினார் மேஸ்திரி.