ஒரு நாள் போதுமாம்

கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்பட்ட இரவு ரயில் திருகோணமலையில் வந்து நிற்கிறது. இன்னும் விடியவில்லை. மார்கழித் தூறல். எங்கோ ஒரு கோயிலில் திருவெம்பாவைப் பூசைக்கு மணி அடிக்கிறார்கள். நிலைய வாசலில் ஓட்டோக்காரர்கள் குடையும் கையுமாக நிற்கிறார்கள்.

ஒரு குடும்பம் இறங்குகிறது. தகப்பனுக்கு ஐம்பது வயதிருக்கும். தாய், நெடுநெடுவென்று வளர்ந்த இரண்டு பிள்ளைகள், எல்லாருக்கும் பின்னால் கைத்தடியோடு அம்மம்மா. பெட்டிகளில் லண்டன் விமானத்தின் பட்டி இன்னும் கிழிக்கப்படவில்லை. தகப்பன் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட தாள் ஒன்று. எட்டு மணிக்குக் கோணேசர் கோயில். ஒன்பதரைக்குக் கன்னியா. பதினொன்றுக்குப் புறாத்தீவு. மூன்று மணிக்கு மட்டக்களப்பு ரயில்.

ஓட்டோக்காரர் ஒருவர் அந்தத் தாளை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்து வாசிக்கிறார். கீழ்வரியில் விரலை வைக்கிறார்.

"மட்டக்களப்புக்கு இஞ்சயிருந்து நேர ரயில் இல்லை ஐயா."

"மெப்பில பக்கத்திலதானே கிடக்கு?"

"ஊர் பக்கத்திலதான். தண்டவாளம் இல்லை."

அவர் சொல்வது சரி. இரண்டு ஊர்களும் ஒரே கரையில் இருந்தாலும், ரயில்பாதைகள் இரண்டும் உள்நாட்டில், கல் ஓயாச் சந்தியில் பிரிகின்றன. ஒன்று திருகோணமலைக்கு வருகிறது. மற்றது பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்குப் போகிறது. ரயிலில்தான் போவேன் என்றால், வந்த வழியே கல் ஓயாவுக்குத் திரும்பிப்போய் மாற வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் போக நினைப்பவர் அதையும் தாண்டி மாகோச் சந்திவரை போக வேண்டும். கரையோடு போவது பஸ்தான். கிண்ணியா, மூதூர், வாகரை என்று போகும் வீதி. முன்னர் கிண்ணியாத் துறையில் படகுப்பாதைக்குக் காத்துக் கிடக்க வேண்டும். 2009இல் பாலம் திறந்தபின் அந்தக் காத்திருப்பு இல்லை. இதையெல்லாம் அந்த ஓட்டோக்காரர் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிறார். தகப்பன் பேனையை எடுத்துக் கடைசி வரியை வெட்டுகிறார்.

பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு தேநீர்க்கடை. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக வந்த பஸ்ஸில் இறங்கிய மூன்று இளைஞர்கள் மேசையைப் பிடித்திருக்கிறார்கள். பேச்சில் மதுரைப் பக்கம் தெரிகிறது. இடியப்பமும் சொதியும் சம்பலும் வருகின்றன. சாப்பிட்டு முடித்து, ஒருவன் இந்திய நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறான். முதலாளி அதை மின்விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து, சிரித்து, திருப்பிக் கொடுக்கிறார்.

"இது இஞ்ச செல்லாது தம்பி."

"பேங்க்ல மாத்திட்டு வந்துர்றோம்ணே."

"இண்டைக்குப் போயா. பாங் பூட்டு."

"அப்போ மத்தியானம் மட்டன் பிரியாணி..."

"இறைச்சிக்கடையும் பூட்டு. சாராயக்கடையும் பூட்டு. மீன்கறி இருக்கு."

"நாளைக்கு?"

"நாளைக்குச் சனி."

சுவரில் தொங்கும் கலண்டரில் அன்றைய திகதிக்குப் பக்கத்தில் முழுநிலா அச்சிட்டிருக்கிறது. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் அரச விடுமுறை. அதை ஒட்டிச் சனி, ஞாயிறு வந்துவிட்டால் தெற்கிலிருந்து வான் வானாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். அறை வாடகை ஏறும். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் சுற்றி வாளிக்கு ஆள் நிற்கும். கலண்டரை ஒருமுறை புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். பையன்கள் ஏ.டி.எம். தேடிப் போகிறார்கள். அவர்கள் திரும்பி வருவார்களா என்ற கேள்வியே முதலாளிக்கு இல்லை. அடுத்த மேசைக்குப் பிளேன்டீ ஊற்றுகிறார்.

பிரெட்ரிக் கோட்டை வாசல். நண்பகல் தாண்டிவிட்டது. கோட்டைக்குள் இராணுவ முகாம். அதன் ஊடாக ஏறும் வீதியின் முடிவில், கடலுக்கு மேலே நிற்கும் பாறையில் கோணேசர். சரிவில் ஒரு புள்ளிமான், யாரோ வீசிய சோற்றுப் பார்சலின் லன்ச் சீற்றை முன்காலால் அமுக்கிக்கொண்டு வாயால் இழுக்கிறது. சோறு தீர்ந்துவிட்டது. பிளாஸ்டிக்கை மெல்லுகிறது. அதைப் படம் பிடிக்க நாலு பேர். அதன் வாயிலிருந்து பிடுங்க ஒருவரும் இல்லை.

கொழும்பு இலக்கத்தகட்டோடு ஒரு வான் வருகிறது. பத்துப் பன்னிரண்டு பேர் குதித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மழையில் நனைந்த படிகளில் ஓடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அதே வேகத்தில் திரும்பி வருகிறார்கள். உச்சிப் பூசை முடிந்து நடை சாத்தியாயிற்று. இனிப் பின்னேரம்தான். "இராவணன் வெட்டில போட்டோ எடுத்தாச்சுத்தானே, காணும்" என்று கூட்டத்தின் தலைவர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

இந்தப் பாறையில் இருந்த பழைய கோயிலை இடித்த போர்த்துக்கேயர், அந்தக் கற்களைக் கொண்டே 1624இல் கோட்டை கட்டினார்கள். ஒல்லாந்தர் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள், 1803இல் பிரெட்ரிக் என்று பெயரும் வைத்தார்கள். மீண்டும் கோயில் எழுந்து குடமுழுக்குக் காண 1963 ஆயிற்று. முந்நூறு வருடத்துக்கு மேல் ஊர் காத்திருந்த கோயில். வானில் வந்தவர்களுக்கு நாலு மணிவரை காத்திருக்க நேரமில்லை.

நேரமில்லாததன் காரணம் வானுக்குள் கிடக்கிறது. சாரதி ஆசனத்தைச் சாய்த்து, காலை ஜன்னலுக்கு வெளியே நீட்டி உறங்குகிறார். மானுக்கு வாழைப்பழம் கொடுத்துக்கொண்டிருந்த பெண் இன்னொருத்தியிடம் சொல்கிறாள்: "ரெண்டு மணிக்கு எழும்பி ஓடினவர், பாவம். இரவைக்கே திரும்ப வேணுமாம்." கொழும்பிலிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர். போகவர என்றால் இரட்டிப்பு. இருட்டினால் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் காட்டு யானை வீதிக்கு ஏறும். திட்டம் போட்டவர்கள் டீசலைக் கணக்குப் பார்த்திருப்பார்கள், சாப்பாட்டைப் பார்த்திருப்பார்கள், ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்தும் இருப்பார்கள். சாரதியின் உறக்கம் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

பின்னேரம், நிலாவெளி. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கின்றன. இயந்திரங்களைக் கழற்றித் தறப்பாளால் மூடியிருக்கிறார்கள். கடல் கரையை அறைகிறது. நுரைக்கு அப்பால் புறாத்தீவு மங்கலாகத் தெரிகிறது. கரையிலிருந்து கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றர்தான். காலையில் ரயிலில் இறங்கிய லண்டன் குடும்பம் இங்கே நிற்கிறது. பிள்ளைகளின் தோளில் துவாய், கையில் நீருக்கடியில் பார்க்கும் கண்ணாடி.

வள்ளக்காரர் சறத்தை மடித்துக் கட்டியபடி வருகிறார். "இப்ப போகேலாது அண்ணை. வைகாசியில வாங்கோ. புரட்டாசி மட்டும் கடல் குளம்போலக் கிடக்கும்."

"லண்டன்ல டிசம்பர்தான் சிலோனுக்கு சீசன் எண்டு சொன்னவங்கள்."

"அது காலிப் பக்கம்."

தென்மேற்குப் பருவக்காற்று காலியையும் ஹிக்கடுவையையும் நனைக்கும் மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். வடகீழ்ப் பருவக்காற்று இங்கே மழையைக் கொட்டும்போது மேற்கில் வெயில். ஒரே தீவுக்கு இரண்டு பருவம். விளம்பரத் தாள்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்கின்றன. கடற்கரை விடுதி பாதி விலைக்கு அறை கொடுத்தபோதாவது ஏன் என்று கேட்டிருக்கலாம். மலிவு என்று மகிழ்ந்து முற்பணம் கட்டியாயிற்று.

வள்ளக்காரர் பேச்சை விடவில்லை. "பாஸ்போட் எந்த நாடு?"

"பிரிட்டிஷ். ஆனா நான் திருமலைப் பெரியாஸ்பத்திரியில பிறந்தனான்."

"பிறந்த இடம் கேக்கமாட்டினம் அண்ணை. டிக்கெட் டொலர்க் கணக்கு. வள்ளக்கூலி வேற. வரேக்க அதையும் சேத்துப் பாத்துக்கொண்டு வாங்கோ."

2003இல் தேசியப் பூங்காவாக்கிய தீவு அது. வெளிநாட்டவர் நுழைவுக்கட்டணம் உள்நாட்டவருடையதைவிடப் பலமடங்கு. தகப்பனின் முகத்தில் கட்டணத்தைவிட அந்த 'வெளிநாட்டவர்'தான் தைக்கிறது போலிருக்கிறது. ஒன்றும் சொல்லவில்லை.

சொன்னது அம்மம்மா. மணலில் கைத்தடியை ஊன்றி, கடலைப் பார்த்தபடி:

"மார்கழியில கடல் இறங்கமாட்டினம் எண்டு நான் அங்கயே சொன்னனான்."

"எப்ப அம்மா சொன்னனீங்கள்?"

"நீ கொம்பியூட்டரில பாத்துக்கொண்டிருக்கேக்க."

மூத்த பிள்ளை சிரிப்பை அடக்கத் துவாயை வாயில் வைக்கிறது. தாய் மெதுவாகக் கேட்கிறாள், "அம்மா, உங்களுக்கு எங்க போக விருப்பம்?" அவர்கள் தாளில் எங்கும் எழுதப்படாத கேள்வி. பதில் உடனே வருகிறது. பத்திரகாளி அம்மன் கோயில். பிறகு, இருந்தால், தான் படித்த பள்ளிக்கூடத்து வாசல். இரண்டும் நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. மழையோ போயாவோ அவற்றை மூடுவதில்லை. ஓட்டோ திரும்புகிறது.

ஒருநாள் முழுக்க இவர்களைப் பார்த்தபின் சோம்பேறிகள் என்று ஒருவரையும் சொல்ல முடியவில்லை. எல்லாரும் மெனக்கெட்டுத் திட்டம் போட்டவர்கள். தூரத்தை அளந்தார்கள், காலத்தை அளக்கவில்லை. ஊரைப் பற்றி வாசித்தார்கள். ஊர் தெரிந்த ஆளைக் கேட்கவில்லை. மணிக்கு மணி நிரப்பினார்கள். ஒன்று தவறினால் மற்றதெல்லாம் சரியும்படி நிரப்பினார்கள்.

புறாத்தீவுக்கு ஆசை என்றால் மே முதல் செப்டெம்பர் வரை வாருங்கள். போயா எப்போது என்று கலண்டரைப் பார்த்து, இலங்கைக் காசைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கோணேசரைக் காலையில் கும்பிடுங்கள். மானுக்குச் சோற்றுப் பார்சலை வீசாதீர்கள். கடற்கரையோரம் ரயில் ஓடுவதாக நினைக்காதீர்கள். வானில் வருவதென்றால் இரண்டு இரவு தங்குங்கள். அதில் ஒன்று சாரதிக்கு.