இரண்டே நாளில் கடற்கரைச் சாலை



பயணம் என்றால் பெட்டி கட்டுவதும் வண்டி ஏறுவதும்தான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நேரம் குறைவாக உள்ள வீட்டிலோ, பயணம் ஒரு தாளிலும் பென்சிலிலும்தான் தொடங்குகிறது. சென்ற அரையாண்டு விடுமுறையில் அந்தத் தாளும் பென்சிலும் என் கைக்கு வந்து சேர்ந்தன.

எங்கள் வீட்டார் ஐவர்: பாட்டி, அப்பா, அம்மா, நான், ஆறாம் வகுப்பில் படிக்கும் தம்பி. தாம்பரத்திலிருந்து கடற்கரை ஓரமாகவே வேளாங்கண்ணி வரை காரில் சென்று வரவேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. அப்பாவுக்குக் கிடைத்த விடுப்போ டிசம்பர் 27, 28 ஆகிய இரண்டே நாட்கள். 29-ஆம் தேதி எனக்குச் சிறப்பு வகுப்பு. "கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்குகிறாயே, இந்தக் கணக்கையும் நீயே போடு" என்று அப்பா சொல்லிவிட்டார்கள்.

முதலில் தூரத்தைக் கணக்கிட்டேன். வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் சென்று கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால், மாமல்லபுரம், கல்பாக்கம், மரக்காணம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. வேளாங்கண்ணி வரை ஏறத்தாழ 310 கிலோமீட்டர். ஊர்களுக்குள் வண்டி ஊர்ந்துதான் செல்லும் என்பதால், மணிக்குச் சராசரி 45 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். அதற்கு ஏழு மணி நேரம். சாப்பிடவும், பாட்டி இறங்கி நடந்து முழங்காலை நீட்டிக்கொள்ளவும் ஒரு மணி நேரம். ஆக, போக எட்டு, வர எட்டு, மொத்தம் 16 மணி நேரம்.

அடுத்து வெளிச்சம். வண்டி ஓட்டுபவர் அப்பா ஒருவரே. குறுகிய சாலையில் இருட்டிய பின் ஓட்டமாட்டேன் என்பது அவர்களுடைய உறுதி. டிசம்பர் கடைசியில் சூரியன் காலை ஆறரை மணியளவில் உதித்து, மாலை ஆறு மணிக்குள் மறைந்துவிடுகிறது. இரண்டு பகலையும் கூட்டினால் சுமார் இருபத்திரண்டரை மணி நேரம். பயணத்துக்கு 16 போக, பார்ப்பதற்கு எஞ்சியது ஆறரை மணி நேரமே!

இனி ஆசைகளின் பட்டியலைக் கேளுங்கள். தம்பிக்கு வடநெம்மேலி முதலைப் பண்ணை. 1976-இல் ராமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய அந்தப் பண்ணைக்கு ஒன்றரை மணி நேரம். மாமல்லபுரச் சிற்பங்களுக்கு இரண்டரை. அப்பாவுக்குக் கடப்பாக்கம் அருகில் இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டைக்கு ஒன்று, பிச்சாவரம் படகுக்கு மூன்று. எனக்குப் பூம்புகார். சிலப்பதிகாரம் தொடங்கும் அந்த மண்ணில் நிற்க ஆசை. பிரதான சாலையை விட்டுப் போய்வர இரண்டு மணி நேரம். அம்மாவுக்கு வேளாங்கண்ணி ஆலயத்தில் குறைந்தது மூன்று. கூட்டிப் பார்த்தால் 13 மணி நேரம்! இருப்பதைப் போல இரு மடங்கு.

பாட்டியிடமும் கேட்டேன். "நீங்கள் எங்கே போனாலும் எனக்குச் சம்மதம் கண்ணு" என்று சொல்லிவிட்டு, அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பட்டியலைக் குறைக்க இரண்டு விதிகள் வகுத்தேன். முதல் விதி: தாம்பரத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய்வரக்கூடியது இந்தப் பயணத்தில் வேண்டாம். அதன்படி முதலைப் பண்ணையும் மாமல்லபுரமும் நீங்கின. தம்பி முகத்தைத் தூக்கிக்கொண்டான்; பொங்கல் விடுமுறையில் அழைத்துப் போவதாக அப்பா எழுதிக் கையெழுத்திட்ட பிறகே இறங்கி வந்தான். இரண்டாவது விதி: மூன்று மணி நேரம் விழுங்கும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். அம்மா விட்டுக்கொடுக்கமாட்டார்கள், ஆகவே பிச்சாவரம் நீங்கியது. மீதி ஆலம்பரை, பூம்புகார், வேளாங்கண்ணி. மொத்தம் ஆறு மணி நேரம். அரை மணி நேரம் மிச்சமும் இருந்தது. எனக்கு உண்டான பெருமையைச் சொல்லி முடியாது.

அன்று இரவு படுக்கப்போகும் நேரத்தில் பாட்டி என் தாளைப் பார்த்துக் கேட்டார்கள்: "தரங்கம்பாடி வழியில்தானே வருகிறது?"

"ஆமாம் பாட்டி, காரைக்காலுக்குச் சற்று முன்னால்."

"வண்டி அங்கே நிற்குமா?"

பாட்டி பிறந்த ஊர் தரங்கம்பாடி. 1620-இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர், 1706-இல் சீகன்பால்க் வந்து இறங்கிய ஊர் என்றெல்லாம் நாம் பாடத்தில் படிக்கிறோம். பாட்டிக்கோ அது தங்கையோடு சிப்பி பொறுக்கிய கரை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி வந்த ஆழிப்பேரலையில் அந்தத் தங்கை இறந்துபோனார். அப்போது தாத்தா நோய்ப் படுக்கையில் இருந்ததால் பாட்டியால் அடக்கத்துக்குப் போகமுடியவில்லை. பிறகு தாத்தாவும் காலமானார். பாட்டிக்கு முழங்கால் வலியும் வந்தது. இத்தனை ஆண்டுகளாகத் தங்கையின் கல்லறையை அவர்கள் பார்த்ததே இல்லை. யாரிடமும் கேட்டதும் இல்லை.

தரங்கம்பாடிக்கு இரண்டு மணி நேரம் வேண்டும். மிச்சம் இருந்ததோ அரை மணி. மீண்டும் பென்சிலை எடுத்தேன். வேளாங்கண்ணியைக் குறைக்க முடியாது. ஆலம்பரையை எடுத்தாலும் நேரம் போதாது. பூம்புகாரை அடித்தேன். கடல்கொண்ட அந்த நகரம் எத்தனையோ நூற்றாண்டுகளாகக் காத்திருக்கிறது. என் பொதுத்தேர்வு முடியும் வரை இன்னும் காத்திருக்கும். எழுபத்தெட்டு வயதுப் பாட்டி அப்படிக் காத்திருக்க முடியாது அல்லவா?

திரும்பும் வழியையும் மாற்றினோம். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் வந்து ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்தால், நடுவில் தடுப்பு உள்ள நான்கு வழிச் சாலை. இருட்டினாலும் எதிர் வண்டியின் வெளிச்சம் அவ்வளவாகக் கண்ணைக் கூசாது. அதற்கு அப்பாவும் இசைந்தார்கள்.

27-ஆம் தேதி காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். ஒன்று சொல்லவேண்டும்: பெயர்தான் கடற்கரைச் சாலை; பல இடங்களில் கடல் கண்ணுக்கே தெரிவதில்லை. சவுக்குத் தோப்பும் உப்பளமும் வயலும்தான் மாறிமாறி வருகின்றன. ஆலம்பரையில் கோட்டைச் சுவரின் நிழலில் இட்லி சாப்பிட்டோம். கொள்ளிடப் பாலத்தைத் தாண்டியதும் பாட்டி பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பிற்பகல் இரண்டே காலுக்குத் தரங்கம்பாடி. என் கணக்குக்குக் கால் மணி நேரம் தாமதம்.

கல்லறைத் தோட்டத்தில், முதல் நாள் நினைவு நாளுக்கு வைத்த மாலைகள் இன்னும் முழுதும் வாடியிருக்கவில்லை. பாட்டி பெயரைத் தேடிக் கண்டுபிடித்து விரலால் தடவிப் படித்தார்கள். "என்னைவிட நான்கு வயது சின்னவள்" என்று மட்டும் சொன்னார்கள். கடற்காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. தம்பி மண்டியிட்டு இரு கைகளாலும் சுடரை மறைத்துப் பிடித்துக்கொண்டான். முதலைப் பண்ணையைப் பற்றி அவன் பிறகு வாயே திறக்கவில்லை. நாலு மணிக்குப் புறப்பட எழுந்தபோது பாட்டியே சொன்னார்கள்: "நேரமாகிறது, வாருங்கள். மாதா கோயிலுக்கு வெளிச்சத்திலேயே போய்விடலாம்."

அவ்வாறே போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலைத் திருப்பலி கண்டு, இரவு எட்டு மணிக்குள் தாம்பரம் திரும்பினோம்.

தோழியரே, நீங்களும் இப்படி ஒரு பயணம் போகக்கூடும். தூரத்தைக் கணக்கிடுங்கள், வெளிச்சத்தைக் கணக்கிடுங்கள், பக்கத்தில் உள்ளதை இன்னொரு நாளுக்கு விடுங்கள். இவை எல்லாம் எளிதில் பழகிவிடும். நேரம் குறைவு என்னும்போது நாம் விடுமுறை நாட்களை மட்டுமே எண்ணுகிறோம். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் நேரம் குறைவு. அவர்கள் பெரும்பாலும் எதையும் கேட்பதில்லை. "எங்கே போனாலும் சம்மதம்" என்று யாராவது சொன்னால், அவரிடம் இன்னொரு முறை கேளுங்கள். அதற்குப் பிறகு பட்டியலை எழுதுங்கள்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி