அடுப்படி மோட்டாரும் அட்டைச் சுழல்மேடையும்

பழுதான மைக்ரோவேவ் அடுப்பு உங்கள் வீட்டு மூலையிலும் கிடக்கிறதா? கட்டுகஸ்தோட்டையில் எங்கள் மகன் அதைக் கழற்றப் போன கதையைக் கேளுங்கள்.

2014 இல் திறக்கப்பட்ட கடுகண்ணாவை புகையிரத நூதனசாலையில் பழைய இன்ஜின்களைப் பார்த்துவந்த நாள் முதல் அவனுக்குக் கோச்சிப் பைத்தியம். நீராவி இன்ஜினை மறுபக்கம் திருப்பும் சுழல்மேடையை அட்டையில் செய்தான். அதற்கு மோட்டார் வேண்டுமாம்.

“உம்மா, அடுப்புத் தட்டைச் சுற்றும் மோட்டார் மெதுவாகத்தானே சுற்றுது?”

உண்மைதான். விளையாட்டுக் கார் மோட்டாரைப் பூட்டினால் இன்ஜின் தூக்கியெறியப்படும். ஆனால் அடுப்பு மோட்டார் பெரும்பாலும் 230 வோல்ட் வீட்டுக் கரண்டில் ஓடுவது. உள்ளே இருக்கும் கொண்டென்சரோ, பிளக்கைக் கழற்றிய பின்னும் ஆளைக் கொல்லக்கூடியது. ஸ்குரூ டிரைவரைப் பறித்தேன். அவன் அழுதான், எனக்குக் கை நடுங்கியது. போதாததற்கு, அந்த மோட்டார் வலமா இடமா, எந்தப் பக்கம் சுற்றத் தொடங்கும் என்று சொல்லவே முடியாது!

நானா கண்டி டவுனிலிருந்து ஒரு 12 வோல்ட் ஸ்டெப்பர் மோட்டாரும் அதை இயக்கும் சிறு பலகையும் கொண்டுவந்தார். ஒரு சுற்றை 200 துள்ளலில் முடிக்கும். அப்படியும் எங்கள் 12 அங்குல மேடையின் விளிம்பு ஒரு துள்ளலுக்கு 5 மில்லிமீட்டர் அளவு நகர்ந்தது, தண்டவாளம் பொருந்தவில்லை. 10க்கு 1 பல்சக்கரம் பூட்டியதும் அரை மில்லிமீட்டராயிற்று. இன்ஜின் தடம் புரளாமல் ஏறியது.

பழைய அடுப்பை அன்றே இரும்பு வாங்குபவரிடம் கொடுத்துவிட்டேன்.