ஈரத்துணி சுற்றிய பம்ப்

ஓடாத வண்டியைப் பழுது பார்ப்பது பெரிய கஷ்டமில்லை. எங்கேயோ ஒன்று அறுந்திருக்கும், இல்லை அடைத்திருக்கும், தேடினால் அகப்பட்டுவிடும். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்து நடுவழியில் நின்று, கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி கிளம்புகிற வண்டிதான் ஆளைக் கொன்றுவிடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் சமர்த்தாக ஓடிக் காட்டும். மெக்கானிக் நம்மைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்.

பெரியப்பாவின் ஜீப் இந்த ரகம். போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவுக்கும் பதினொன்றாவதுக்கும் நடுவே எங்காவது வண்டி நிற்கும். ஊருக்குள் ஒருநாளும் நின்றதில்லை. இறக்கத்திலும் நின்றதில்லை. மலைக்கு மேலே, பூப்பாறைப் பக்கம், அவருக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் உண்டு. காலையில் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போவதும் சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவதும்தான் அந்த ஜீப்பின் வாழ்க்கை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. நாலு வருஷம் போடி வீட்டின் பின்பக்கச் சாய்ப்பில் கிடந்தது.

"ஓட வச்சா நீ வச்சுக்கப்பா. இல்லைன்னா எடைக்குப் போட்டுருவோம்" என்றார் பெரியப்பா. எடைக்குப் போடுவது என்ற சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

வண்டி மகிந்திரா சிஜே-3பி, பெட்ரோல், 1960களின் கடைசியில் வந்தது. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் வில்லிஸ் நிறுவனம் 1941இல் செய்ய ஆரம்பித்த ராணுவ ஜீப்பின் நேர் வாரிசு. போர் முடிந்ததும் விவசாயிகளுக்கென்று 'சிவிலியன் ஜீப்' வந்தது. சிஜே என்பது அதன் சுருக்கம். 1953இல் வந்த 3பி மாடலுக்கு மட்டும் பானட் தூக்கலாக இருக்கும். அழகுக்காக இல்லை. பழைய இன்ஜினில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வுகளும் கீழே பிளாக்கிலேயே இருந்தன. புதிய 2.2 லிட்டர் இன்ஜினில் இன்டேக் வால்வை மட்டும் மேலே ஹெட்டுக்குக் கொண்டுபோனார்கள். இன்ஜின் உயர்ந்தது, அதை மூட பானட்டும் உயர்ந்தது. அமெரிக்காவில் இந்த மாடலை 1968இல் நிறுத்திவிட்டார்கள். மகிந்திரா அதற்குப் பிறகும் பல வருஷம் செய்துகொண்டிருந்தது.

எங்கள் பக்கம் பெட்ரோல் ஜீப் மிச்சமிருப்பது அபூர்வம். பெட்ரோல் விலை ஏற ஏற ஆளாளுக்கு மேட்டடார் வேனின் டீசல் இன்ஜினைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பெரியப்பா மாற்றாததற்குப் பழமையின் மேல் பாசமெல்லாம் காரணமில்லை. அவர் மாற்றலாம் என்று நினைத்த வருஷமெல்லாம் ஏலக்காய் விலை விழுந்தது.

முதல் வாரம் ஸ்பானரே எடுக்கவில்லை. கழுவினேன். எந்த ஒயர் எங்கே போகிறது என்று செல்போனில் படமெடுத்தேன். நாலு பிளக்கையும் கழற்றி, ஓட்டைக்குள் கொஞ்சம் ஆயில் ஊற்றி மூன்று நாள் விட்டு, பிறகு முன்னாலிருந்து ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றினேன். செல்ஃப் மோட்டாரை நம்பி முதல் சுற்றைக் கொடுக்கக் கூடாது. பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருந்தால் மோட்டாருக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். சுற்றியது. கம்ப்ரஷன் நாலு சிலிண்டரிலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது. பிரேக் வீல் சிலிண்டர் நாலும் இறுகிப்போயிருந்ததால் அத்தனையையும் மாற்ற வேண்டியதாயிற்று. சிபி பாயின்ட், கண்டென்சர், பேட்டரி புதுசு. கார்பரேட்டரைப் பிரித்து ஜெட்டுகளை ஊதினேன். டாங்கைக் கழற்றித் துரு எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இன்ஜின் பிடித்துக்கொண்டது. தெருவே எட்டிப் பார்த்தது.

அடுத்த ஞாயிறு மலை ஏறினேன். பத்தாவது வளைவு தாண்டி நின்றது.

பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "பம்புல துணி சுத்தியிருக்குல்ல, அதுல தண்ணி ஊத்து. கால் மணி நேரத்துல கிளம்பிரும்" என்றார்.

அந்தத் துணியை நான் பார்த்திருந்தேன். துணி மட்டுமில்லை, பெட்ரோல் பம்புக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் நடுவே எண்ணெய் டின்னை வெட்டி ஒரு தகடு வைத்திருந்தார்கள். டாங்க் மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை. பம்புக்குப் பிறகு வரும் குழாயில் மரத் துணி கிளிப்புகள் நாலு, வரிசையாக. கேட்கக் கேட்க ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் வந்தார். துணி பெரியப்பாவின் யோசனை. தகடு ஒரு டிங்கர் வேலைக்காரர் உபயம். மூடியில் ஓட்டை போட்டது தேவாரத்திலிருந்து வந்த ஒரு டிரைவர். கிளிப் மாட்டியவர் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. அவர் எங்கேயோ படித்தாராம். நாலு பேரும் நாலு வைத்தியம் செய்திருக்கிறார்கள். நாலும் பலித்ததாகவே பெரியப்பா சாதித்தார்.

இவை எதுவும் முட்டாள்தனமில்லை. துணியும் தகடும் கிளிப்பும் ஒரே நோய்க்கு மருந்து. சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட்டால் பம்பால் அதைத் தள்ள முடியாது. ஏர் லாக் என்பார்கள். மூடி ஓட்டை வேறு நோய்க்கு. பெட்ரோல் குறையக் குறைய டாங்குக்குள் காற்று போக வழி வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுமே மலை ஏற்றத்தில் வரக்கூடியவை. ஆனால் வண்டி இன்னும் நின்றது.

போடியில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். அறுபத்தைந்து வயதிருக்கும். இப்போது ஷெட்டில் பையன்கள்தான் வேலை பார்க்கிறார்கள், அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். வண்டியைப் பார்க்கவே இல்லை. "தம்பி, சுவிச்ச அமத்துன மாதிரி டக்குனு செத்துச்சா, இல்ல இருமி இருமி நின்னுச்சா?" என்று கேட்டார்.

"இருமித்தாண்ணே நின்னுச்சு. ஆக்சிலேட்டரை விட்டா கொஞ்சம் தாங்குது, மிதிச்சா அடங்குது."

"அப்ப கரண்டு இல்ல, பெட்ரோலு. அதையும் நம்பாதீங்க. நின்ன எடத்துலயே பாருங்க. வீட்டுக்கு வந்து பாக்குறதுல ஒண்ணும் இல்ல. சூடு ஆறிப்போச்சுன்னா வண்டி பொய் சொல்லும்."

அடுத்த முறை ஸ்பானர், பிளக் ஒன்று, கைக்கடிகாரம், தீயணைப்பான் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். நின்றதும் பார்த்தேன். ஒயர் முனையில் தீப்பொறி நல்ல நீலம், சத்தத்தோடு. ஆக, காயிலும் கண்டென்சரும் குற்றவாளி இல்லை. கார்பரேட்டரின் மிதவை அறையைத் திறந்தேன், பெட்ரோல் இல்லை. டாங்க் மூடியைத் திறந்தேன். காற்றை இழுக்கும் சத்தம் இல்லை, திறந்து வைத்துச் சுற்றியும் கிளம்பவில்லை. துணியில் தண்ணீர் ஊற்றினேன். பதினைந்து நிமிஷத்தில் கிளம்பியது.

பெரியப்பா சொன்னது சரிதானே என்று இறங்கி வந்திருக்கலாம். மறுநாள் திரும்பப் போனேன். நின்றது. இந்தத் தடவை தண்ணீர் ஊற்றவில்லை. பானட்டைக்கூடத் திறக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து நிமிஷத்தில் கிளம்பியது.

நாலு வைத்தியமும் பலித்த ரகசியம் இதுதான். தகடு வெட்டி மாட்டவும், ஆணி தேடி ஓட்டை போடவும், தண்ணீர் கொண்டுவந்து ஊற்றவும் எப்படியும் கால் மணி நேரம் ஆகும். வண்டி கேட்டது அந்தக் கால் மணி நேரத்தை மட்டும்தான். அதைக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அது கிளம்பிக் காட்டியிருக்கிறது. நாலு பேரும் பார்த்தது உண்மை. காரணம் என்று எடுத்துக்கொண்டதுதான் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்த ஒன்று. வண்டிக்கு வெளியேயும் இப்படி எத்தனை வைத்தியங்கள் பலிக்கின்றன என்று அந்தச் சுவரில் உட்கார்ந்து யோசித்தேன். ஜுரத்துக்குக் கட்டிய கயிறு, படிக்காத பையனுக்குக் கொடுத்த அடி. வைத்தியம் செய்யாமல் ஒருமுறை சும்மா காத்திருந்து பார்ப்பதற்கு யாருக்கும் மனசு வருவதில்லை.

அண்ணன் அடுத்த சோதனையைச் சொன்னார். ஐந்து லிட்டர் டின் ஒன்றை வண்டிக்குள் அசையாமல் கட்டி, அதிலிருந்து புதுக் குழாய் ஒன்றை நேராகப் பம்புக்குக் கொடுக்கச் சொன்னார். அதே பம்ப், அதே சூடு, அதே ஏற்றம். டாங்கும் பழைய குழாயும் மட்டும் இல்லை. 17 வளைவும் நிற்காமல் ஏறியது. பம்ப் தப்பித்தது. டாங்குக்கும் பம்புக்கும் நடுவே இரண்டு மீட்டர்கூட இல்லாத தூரத்தில்தான் விஷயம்.

அந்தக் குழாய் கம்பெனியில் வரும்போது முழுக்க இரும்பு. எப்போதோ ஒருவர் துருப்பிடித்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு ஒரு சாண் ரப்பர் ஹோஸைச் சொருகியிருந்தார், சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில். வெளியே பார்க்க நன்றாக இருந்தது. வாயால் ஊதினேன், தாராளமாகப் போனது. கழற்றி வெந்நீரில் போட்டு எடுத்து, ஊதாமல் உறிஞ்சினேன். அடைத்துக்கொண்டது. நீளவாக்கில் பிளேடால் கிழித்தால், உள்பக்கத் தோல் தனியாகப் பிரிந்து ஒரு நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. பம்ப் இழுக்கும்போது நாக்கு வழியை மூடும். ஊருக்குள் பெட்ரோல் தேவை குறைவு, மெதுவாக இழுக்கும், மூடாது. மலையில் மிதிக்க மிதிக்க இழுப்பு அதிகம், சைலன்சர் சூட்டில் ரப்பரும் இளகும். ஆறினால் விறைத்துக்கொள்ளும். எல்லாம் அந்த ஒரு சாணுக்குள் இருந்தது. இழுக்கிற பக்கத்துக் கோளாறு என்பதால் ஒரு சொட்டுகூட வெளியே ஒழுகவில்லை. அதனால் யாரும் குனிந்து பார்க்கவும் இல்லை.

அந்த ஹோஸ் பெட்ரோலுக்கானதே இல்லை. இனிமேல் இப்படிப்பட்டது இன்னும் சீக்கிரம் கெடும். இப்போது பங்கில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பரையும் கார்க் பேக்கிங்கையும் அது ஊதவைத்து உரிக்கும். ஆகவே இரும்புக் குழாயைப் பழைய வளைவுப்படியே வளைத்துப் போட்டு, அதிரும் இடங்களில் மட்டும் எத்தனால் தாங்கும் ஹோஸ் வைத்தேன். பம்ப் டயஃப்ரத்தையும் மாற்றியாயிற்று. துணி, தகடு, கிளிப் மூன்றையும் எடுத்துவிட்டேன். டாங்குக்கு முறையாகக் காற்று வாங்கும் மூடி போட்டேன்.

வண்டி ஓடுகிறது என்ற செய்தி பரவியதும் மதுரையிலிருந்து பழைய வண்டி சேகரிப்பவர் ஒருவர் வந்தார். பெட்ரோல் இன்ஜின் மாறாமல் இருப்பதைப் பார்த்து அவருக்கு முகம் மலர்ந்தது. பின்பக்கம் வந்ததும் சுருங்கியது. வேலையாட்கள் உட்கார நீட்டிய பலகை இருக்கைகள், பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கம்பி, ஏறுவதற்கு வெல்டிங் வைத்த இரும்புப் படி. "இதையெல்லாம் அறுத்து எடுத்துட்டு ஒரிஜினலா கொண்டுவந்தா நல்ல விலை தர்றேன்" என்றார். சொன்ன விலை எனக்குச் சின்னத் தொகை இல்லை.

அவர் சொன்னதில் சட்டமும் இருக்கிறது. 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷத்துக்கு மேற்பட்ட சொந்த உபயோக வண்டியை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதியலாம். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். பதிந்துவிட்டால் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பெட்ரோல் போடவும் பராமரிப்புக்கும் ஓட்டலாம்; அன்றாட வேலைக்கு ஓட்டக் கூடாது.

வேலையே செய்யாத வண்டியாக இருந்தால்தான் அது அசல். இதைப் படித்துவிட்டுப் போய் அந்தப் படியைப் பார்த்தேன். நடுவில் மட்டும் பெயின்ட் போய், இரும்பு வழவழவென்று லேசாகக் குழிந்திருந்தது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் தூக்குவாளியோடு, விடிகாலையில் பெண்கள் ஏறி ஏறித் தேய்த்த இடம். ஈரத்துணியும் இந்தப் படியும் ஒரே வண்டியில் பின்னால் வந்து சேர்ந்தவைதான். துணி ஒரு தவறான காரணத்துக்கான பதில், அதனால் எடுத்தேன். படி உயரமான வண்டியில் ஏற முடியாதவர்களுக்கான சரியான பதில். அதை எடுக்க எந்தக் காரணமும் கிடைக்கவில்லை. டொலிடோவில் வரைந்தவர்களுக்கு இந்தப் பெண்களைத் தெரியாது, அவ்வளவுதான்.

விற்கவில்லை. விண்டேஜ் பதிவுக்கும் போகவில்லை. எல்லாப் பழைய வண்டியையும் போல ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆய்வுக்குக் கொண்டுபோய்ப் பதிவைப் புதுப்பித்து, ஓட்டிக்கொண்டிருப்பதாக முடிவு.

பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் மேலே போனேன். பத்தாவது வளைவில் அவர் கை தானாக டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டது. தாண்டியதும் எடுத்தார். "அப்ப அந்தத் துணி?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

"துணியால இல்லப் பெரியப்பா. நீங்க காத்திருந்ததால கிளம்பியிருக்கு."

"எத்தனை வருஷம் கேன்ல தண்ணி சுமந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

வேலை முடியவில்லை. வேகம் 50ஐத் தாண்டினால் முன்சக்கரம் ஆடுகிறது; கிங் பின் பேரிங்கின் தளர்ச்சியை அளந்து ஷிம் வைக்க வேண்டும். அதற்கு முன் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். எந்தத் தேதியில் எது கெட்டது, என்ன சந்தேகப்பட்டோம், எந்தச் சோதனையில் எது தப்பித்தது, கடைசியில் என்ன மாற்றினோம் என்று எழுதி, பிளாஸ்டிக் பையில் சுற்றி சீட்டுக்குப் பின்னால் செருகியிருக்கிறேன். முதல் பக்கத்தில் அந்த நாலு பேரின் வைத்தியங்களும் இருக்கின்றன. எனக்குப் பிறகு இந்த வண்டியைப் பிரிக்கிறவர், எது எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டு பிரிக்கட்டும்.