உடன் நடக்கும் அழைப்பு



தேனி அரவிந்த் கண் மருத்துவமனை 2006-ஆம் ஆண்டிலேயே சுற்றுவட்டாரத்தின் ஐந்து பார்வை மையங்களைத் தொலைதூர வைஃபையால் இணைத்திருந்தது. மையத்தில் பயிற்சி பெற்ற பெண் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியிலிருந்தே மருத்துவர் நோயாளியோடு முகம் பார்த்துப் பேசுவார். வழி திறந்துவிட்டது, ஆயினும் மக்கள் நம்பி வரவேண்டுமே!

நம் சபைத் தாயார் ஒருவர் கண்புரையோடு மூன்றாண்டுகள் இருந்தார். பிரசங்க பீடத்திலிருந்து நான் பலமுறை அறிவித்தும் அவர் அசையவில்லை. சிகிச்சை பெற்ற அண்டை வீட்டுச் சகோதரி கைப்பிடித்து அழைத்தபோதே போனார். என் அறிவிப்பு வழியைச் சொன்னது, அவருடன் நடக்கவில்லை.

நாத்தான்வேல் ஐயப்பட்டபோது பிலிப்பு வாதாடவில்லை. வந்து பார்க்கும்படி அழைத்தான் (யோவான் 1:46). அச்சத்தால் மருத்துவரைத் தவிர்க்கும் ஒருவர் உங்கள் தெருவிலும் இருப்பார். இவ்வாரம் அவரோடு பேருந்து ஏறுங்கள். கர்த்தர் தாமே நம் கண்களையும் திறப்பாராக. ஆமென்.